கூலிக்காரரின் குடும்பத்தைத் தேட எந்தப் பதிவேட்டை முதலில் திறப்பது?

பெரம்பூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டு ஆன்ட்டி ஒருநாள் ஒரு தாளை எடுத்துவந்து காட்டினார். அவருடைய எள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வூதியத்தோடு வெளியேறியபோது எழுதிய விடுவிப்புப் பத்திரத்தின் நகல் அது. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த மாதிரிப் பத்திரங்கள் லட்சக்கணக்கில் உள்ளன. இன்ன மாவட்டத்தில், இன்ன ஊருக்கு அருகே, இன்ன பங்கில் (ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதி) பிறந்தவர், தொழில் இன்னது என்ற வாசகம் அச்சில் இருக்கும். காலி இடங்களைப் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். ஆன்ட்டியின் தாளில் மாவட்டம் தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் டோர்செட். தொழில், கூலி.

இவருடைய அப்பா அம்மா யார், கூடப் பிறந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். அதற்காக அவர் ஒதுக்கியது 5,000 ரூபாய். நான் தரக்கூடியது ஞாயிற்றுக்கிழமைகள். அந்தப் பணத்தையும் நேரத்தையும் முதலில் எதில் போடுவது என்று எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதாவது சென்சஸ், அரசின் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்கள், சர்ச் பதிவேடுகள், ஏழைகள் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட காகிதங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிலம் வைத்திருந்த குடும்பத்தைத் தேடுவதும் கூலிக் குடும்பத்தைத் தேடுவதும் வேறு வேறு வேலைகள். நிலக்காரர் உயில் எழுதினார், பத்திரம் போட்டார், கல்லறைக்குக் கல் நட்டார். கிராமத்துக் கூலிக்காரருக்குப் பெரும்பாலும் இவற்றில் எதுவும் கிடையாது. கிராமத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையே 1884 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. பெயர்களோ வில்லியம், ஜான், தாமஸ், ஜார்ஜ். மேரி, ஆன், சாரா, எலிசபெத். இவற்றையே ஊர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். கூலிக்காரரின் பெயரை யாராவது எழுதிவைத்தார்கள் என்றால், அவரை எண்ண வேண்டியிருந்தது, அல்லது அவருக்காக யாரோ பணம் செலவழிக்க வேண்டியிருந்தது. இது மனதில் இருந்தால் எந்த ஆவணத்தில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

சென்சஸ்: எலும்புக்கூடு இங்கே

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள். ஆனால் நாடு முழுவதும் வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரோடும் கணக்கு கிடைப்பது 1841 ஜூன் 6ஆம் தேதிக் கணக்கெடுப்பிலிருந்துதான். டோர்செட் கிராமம் ஒன்றின் 1841 தாள்களைத் திறந்தால் "ஆக் லாப்" என்ற இரண்டு சொல் பக்கம் பக்கமாக ஓடும். விவசாயக் கூலி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அப்படிச் சுருக்கி எழுதலாம் என்று கணக்கெடுப்பாளர்களுக்கே அறிவுறுத்தல் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு பேர் இருந்தார்கள்.

1841 தாளில் நம்பி ஏமாறக்கூடிய இடம் வயது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தியே இல்லை. வீட்டில் இருக்கும் 20 வயதுப் பெண் மகளா, தங்கையா, வேலைக்காரியா என்று அந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிறந்த ஊரும் இல்லை. இதே மாவட்டத்தில் பிறந்தவரா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். எழுதியது பென்சிலில் என்பதால் சில பக்கங்கள் மங்கிப்போயிருக்கும்.

1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கு இதைவிடப் பல மடங்கு மேல். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, திருமணமானவரா, சரியான வயது என்ன, எந்த மாவட்டத்தில் எந்தப் பங்கில் பிறந்தவர் என்று எல்லாம் கேட்டார்கள். அன்றைக்கு உள்ளாட்சியும் பங்குதான். குழந்தைகளின் பிறந்த ஊர்களை வயது வரிசையில் படித்துப் பாருங்கள். மூத்தது ஓர் ஊரிலும் அடுத்த நான்கும் வேறோர் ஊரிலும் பிறந்திருந்தால், குடும்பம் எந்த இரண்டு வருடங்களுக்கு நடுவே இடம்பெயர்ந்தது என்று கையில் வந்துவிடும். எங்கள் தேடலில் பின்னால் எல்லாவற்றையும் திறந்த சாவி இந்த ஒரு வரிதான்.

சென்சஸில் கிடைக்காதவையும் உண்டு. மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் எங்கேயும் இருக்காது. 1842இல் பிறந்து 1849இல் இறந்துபோன குழந்தை இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் விழுந்து காணாமல் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதில் விழுந்தபடி எழுதியது. அதை நம் காலத்தில் மூன்றாவது ஒருவர் கணினியில் ஏற்றியது. குடும்பப்பெயரைத் தட்டித் தேடி வராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் போட்டுத் தேடுங்கள். சின்னக் கிராமமென்றால் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள்.

செலவு? தொடங்குவதற்கு ஒன்றுமில்லை. 1881 கணக்கெடுப்பு முழுவதையும் தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மற்ற ஆண்டுகளின் குறிப்புகளும் அங்கே பெருமளவு கிடைக்கும். மூலத் தாளின் படத்தைப் பார்க்கத்தான் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற சந்தாத் தளங்களுக்குப் போக வேண்டும்.

சான்றிதழ்: முதல் பணம் இங்கே

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதிவு செய்தது. ஆன்ட்டியின் எள்ளுத்தாத்தா 1832 வாக்கில் பிறந்தவர். ஆகவே அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பலர் இந்த இடத்தில் சான்றிதழ் வழியையே கைவிட்டு விடுகிறார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவருக்குத் தம்பி தங்கைகள் இருந்தார்கள். 1841 சென்சஸில் அதே வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் 1838இலோ 1839இலோ பிறந்திருக்க வேண்டும். அவளுக்குப் பதிவு இருக்கும். பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் கட்டாயம் இருக்கும். அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே தாய் என்றால், அண்ணனின் பெற்றோருடைய திருமணத்தை அந்தப் பெயரை வைத்துத் தேடிவிடலாம்.

இதில் 2016 முதல் ஒரு பெரிய வசதி வந்திருக்கிறது. அதற்கு முன்பு இருந்த பிறப்பு அட்டவணைகளில் தாயின் குடும்பப்பெயர் 1911இலிருந்துதான் இருந்தது. இங்கிலாந்தின் தலைமைப் பதிவு அலுவலகம் புதிதாக வெளியிட்ட இணைய அட்டவணையில் 1837 முதலே அது இருக்கிறது. இறப்பு அட்டவணையில் வயதும் இருக்கிறது. கணக்கு தொடங்கி இலவசமாகத் தேடலாம். ஒரு நேரத்தில் ஓர் ஆண்டும் அதற்கு முன்பின் இரண்டிரண்டு ஆண்டுகளும் மட்டுமே தேட முடியும், ஆணா பெண்ணா என்றும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் தந்தையின் குடும்பப்பெயர், தாயின் குடும்பப்பெயர், பதிவு மாவட்டம் மூன்றையும் வைத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால், 1837க்குப் பிறகு அந்தத் தம்பதிக்குப் பிறந்தவர்களின் பட்டியல் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்துவிடும். சென்சஸ் தவறவிட்ட, பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகள் உட்பட. எங்கள் குடும்பத்தில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் இருந்த இரண்டு பெயர்கள். ஆன்ட்டி அந்தப் பெயர்களைத் தன் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

தாயின் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் அது திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அதற்கு வருகிறேன்.

விலை, இதை எழுதும்போது, பதிவின் கணினிப் படம் 3 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, தாளில் அச்சிட்ட சான்றிதழ் 12.50 பவுண்டு. மூன்றிலும் ஒரே தகவல்தான். வம்சம் தேடுகிறவருக்கு 3 பவுண்டுப் படம் போதும். படமாகக் கிடைப்பவை பிறப்பில் நூறு ஆண்டுக்கு முந்தையவையும் இறப்பில் 1887 வரை உள்ளவையும். திருமணத்துக்குப் படமும் இல்லை பிடிஎஃப்பும் இல்லை, தாள் மட்டும்தான். ஆனால் திருமணச் சான்றிதழை வாங்க அவசரப்படாதீர்கள். சர்ச்சில் நடந்த திருமணம் என்றால் அதே படிவம் சர்ச் பதிவேட்டிலும் இருக்கும். அதில் இன்னொரு மேன்மையும் உண்டு. தலைமை அலுவலகத்தில் இருப்பது ஊரிலிருந்து எழுத்தர் பார்த்து எழுதி அனுப்பிய நகல். சர்ச் பதிவேட்டில் இருப்பது மணமக்கள் தாங்களே வைத்த குறி. கையெழுத்துத் தெரியாதவர் பேனாவைப் பிடித்து வைத்த அந்தப் பெருக்கல் குறி அவருடைய கையிலிருந்து வந்தது. கூலிக் குடும்பத்தில் பெரும்பாலும் அவர்களுடைய கை பட்டதாக நமக்குக் கிடைப்பது அது ஒன்றுதான்.

இந்த வழியின் பலவீனம்: 1875க்கு முன்பு குழந்தை பிறந்ததைத் தேடிப்போய் எழுதுவது பதிவாளரின் வேலையாக இருந்தது, பெற்றோர் தாமாக வந்து சொல்லாவிட்டால் தண்டனை இல்லை. அதனால் விடுபட்ட பிறப்புகள் உண்டு. அந்தக் காலத்து இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. சின்னக் குழந்தை இறந்தால் மட்டும் தந்தையின் பெயரைத் தொழில் பத்தியில் எழுதுவார்கள்.

சர்ச் பதிவேடு

1837க்குப் பின்னால் போக வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு வழியில்லை. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டதிலிருந்து ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். கூலிக் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு முக்கியமான வருடம் 1813. அந்த ஆண்டு முதல் அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் குடியிருக்கும் இடமும், அடக்கத்தில் வயதும் சேர்ந்தன. அதற்கு முன்பு "ஜானுக்கும் மேரிக்கும் மகன் வில்லியம்" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கும்.

ஞானஸ்நானப் பதிவில் தாயின் முதல் பெயர் மட்டுமே. ஒரே பங்கில் அண்ணன் தம்பி இருவர், இருவரும் கூலிகள், இருவருக்கும் மனைவி பெயர் மேரி, இருவரும் தகப்பனார் பெயரை மகனுக்கு வைத்திருக்கிறார்கள். இது கற்பனை இல்லை, எங்களுக்கு வந்த சிக்கலே இதுதான். ஒரே பெயரில் இரண்டு பையன்கள், ஒரு வருட இடைவெளியில்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் யாரோ ஒருவரின் முன்னோரைத் தூக்கிவந்து நம் வீட்டில் வைத்துவிடுவோம். இணையத்தில் கிடைக்கும் பொது வம்ச மரங்கள் பலவற்றில் நடந்திருப்பது அதுதான். நாங்கள் பார்த்த ஒரு மரத்தில், நான்கு வயதில் அடக்கம் செய்யப்பட்ட குழந்தைக்கு எட்டுப் பிள்ளைகள் காட்டியிருந்தார்கள். அதனால் ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் முதல் வேலையாக அடக்கப் பதிவைத் திறந்து, அந்தப் பெயரில் அடுத்த பத்து வருடங்களில் குழந்தை யாராவது இறந்திருக்கிறதா என்று பாருங்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்து பிறந்ததற்கு வைப்பது அங்கே சர்வசாதாரணம்.

எங்கள் இரட்டைச் சிக்கலைத் தீர்த்தது டோர்செட் இல்லை, சென்னை. மதராஸ் மாகாணத்தில் நடந்த கிறிஸ்தவத் திருமணங்களின் நகல்களைத் தொகுத்து லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த குறிப்புகளை ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகத் தேடலாம். ஆன்ட்டியின் எள்ளுத்தாத்தா இங்கே திருமணம் செய்தபோது எழுதிய பதிவில் அவருடைய தந்தையின் பெயர் இருந்தது. அண்ணன் தம்பி இருவரில் அவர் யார் மகன் என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று வம்சம் தேடுகிறவர்கள் சொல்வார்கள். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை டோர்செட்டில் செலவழித்த பிறகுதான் அதைச் செய்தேன்.

எச்சரிக்கை ஒன்று. எல்லாக் கூலிகளும் அரசுச் சர்ச்சுக்குப் போகவில்லை. டோர்செட்டில் மெதடிஸ்ட்கள் நிறைய; 1834இல் சங்கம் சேர்ந்து ரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக நாடுகடத்தப்பட்ட டால்படில் என்ற ஊரின் கூலிகள் ஆறு பேரில் தலைவரான ஜார்ஜ் லவ்லெஸ் மெதடிஸ்ட் உபதேசியார். ஞானஸ்நானப் பதிவு பங்கில் இல்லையென்றால், 1837க்குப் பிறகு அரசு திரட்டிய மாற்றுச் சபைகளின் பதிவேடுகள் கியூவில் இருக்கின்றன, அங்கே பார்க்க வேண்டும்.

ஏழைகள் சட்டக் காகிதம்: கடினமான வழி, ஆனால் மனிதர் பேசுவது இங்கேதான்

முதல் மூன்று வழிகளும் பெயர், தேதி, இடம் தரும். கூலிக்காரர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிய வேண்டுமானால் நான்காவது வழிக்கு வர வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் கடைசியில் வைக்கிறார்கள், அல்லது வராமலே போகிறார்கள்.

1662இல் ஒரு சட்டம் வந்தது. வறுமையில் விழுந்தவருக்குச் சோறு போடும் பொறுப்பு அவருடைய "செட்டில்மென்ட்", அதாவது உதவி பெறும் உரிமை, எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பங்குக்கு. அந்த உரிமை பிறப்பால் வரலாம், பெண்ணுக்குக் கணவன் வழியாக வரலாம், தொழில் பழகிய இடத்தால் வரலாம், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை கொடுத்துக் குடியிருந்தால் வரலாம். கூலிகளுக்கு அதிகம் வந்த வழி, திருமணமாகாதவராக ஒரு முழு வருடம் ஒரே எஜமானரிடம் வேலை பார்ப்பது. பங்கு வரி கட்டுகிறவர்கள் பண்ணைக்காரர்கள்தானே. அதனால் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்து, வருடம் முடிவதற்குள் அனுப்பிவிடுகிற பழக்கமும் இருந்தது. ஒரு வாரம் குறைந்தால் அந்த ஆள் பங்கின் தலையில் விழமாட்டார்.

ஒரு குடும்பம் உதவி கேட்டு வந்தால், அல்லது கேட்கக்கூடும் என்ற பயம் வந்தால், இரண்டு நீதிபதிகள் முன்னால் குடும்பத் தலைவரை நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், எத்தனை வயதில் யாரிடம் வேலைக்குப் போனாய், என்ன சம்பளம், எவ்வளவு காலம், எப்போது எங்கே திருமணம், பிள்ளைகள் யார், வயது என்ன. அவர் சொன்னதை எழுதி, கீழே குறி வாங்கிக்கொண்டார்கள். விசாரணையில் வேறு பங்கின் பொறுப்பு என்று முடிவானால் வெளியேற்ற உத்தரவு போட்டுக் குடும்பத்தை வண்டியில் ஏற்றி அந்தப் பங்குக்கு அனுப்பினார்கள். ஒரு பங்கு சில ஷில்லிங்குகளை மிச்சம் பிடிப்பதற்காக எழுதிய காகிதம். அதில் ஒரு கூலிக்காரரின் பாதி வாழ்க்கை இருக்கிறது.

1851 சென்சஸில் எங்கள் குடும்பத்தின் மூத்த பெண் மட்டும் வேறு பங்கில் பிறந்திருந்தாள். அந்தப் பங்கின் ஏழைகள் சட்டக் காகிதங்களைத் தேடினோம். டோர்செட் ஆவணகம் இவற்றில் பலவற்றைப் படம் பிடிக்கக் கொடுத்திருப்பதால் ஆன்செஸ்ட்ரியில் பார்க்க முடிகிறது. 1831ஆம் ஆண்டு விசாரணை ஒன்று கிடைத்தது. தந்தை சொன்னது: பதினாறு வயதில் இன்ன பண்ணையில் வருடக் கூலிக்குச் சேர்ந்தேன், வருடம் முழுக்க இருந்தேன், சம்பளம் முழுதாக வாங்கினேன், மூன்று வருடத்துக்கு முன் திருமணம், ஒரு பெண் குழந்தை. மனைவி கர்ப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தது. அவர் வருடக் கூலிக்கு இருந்த பண்ணை, விடுவிப்புப் பத்திரத்தில் எழுதியிருந்த அதே பங்கில். சில மாதங்களில் பையன் அங்கே பிறந்தான். பெரம்பூர் வீட்டில் அலமாரியில் இருந்த தாளில் அந்த ஊரின் பெயர் இருப்பதற்குக் காரணமே இந்த வெளியேற்ற உத்தரவுதான். ஆன்ட்டிக்கு நான் அதை வாசித்துச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, மாசமாக இருந்த பெண்ணை எவ்வளவு தூரம் வண்டியில் கொண்டுபோனார்கள் என்றுதான். வரைபடத்தில் பார்த்தோம். பதினோரு மைல்.

திருமணமாகாத தாய்மார் கதையும் இந்தக் காகிதங்களில்தான். ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஆனால் குழந்தையை வளர்க்கும் செலவு பங்கின் தலையில் விழக்கூடாது என்பதற்காகத் தாயை விசாரித்துத் தந்தை யார் என்று எழுதி, அவரிடம் பணத்துக்கு உறுதிமொழி வாங்கினார்கள். 1844க்குப் பிறகு தாயே உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பராமரிப்புக் கேட்கலாம் என்று ஆனது. அதன் பிறகு நீதிமன்றப் பதிவுகளிலும் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் தேட வேண்டும்.

குறை என்னவென்றால், இவை எல்லாப் பங்குக்கும் தப்பிப் பிழைக்கவில்லை. உதவி கேட்காத குடும்பம் இவற்றில் வரவே வராது. 1834இல் சட்டத்தை மாற்றியபோது வருடக் கூலியால் செட்டில்மென்ட் கிடைப்பது நின்றது. பங்குகளைச் சேர்த்து யூனியன்கள் ஆக்கி, உதவி வேண்டுமானால் வொர்க்ஹவுஸுக்குள், அதாவது வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழைகள் விடுதிக்குள், வா என்றார்கள். அதன் பிறகு காகிதம் பெருகியது, தனி மனிதரின் குரல் குறைந்தது.

இதன் பக்கத்திலேயே வைக்க வேண்டியது சிறைப் பதிவேடு. டார்செஸ்டர் சிறையின் பதிவேடுகள் இணையத்தில் இருக்கின்றன. முயல் பிடித்ததற்காக உள்ளே போனவரின் உயரம், முடி நிறம், கண் நிறம், தழும்பு வரை எழுதியிருப்பார்கள். புகைப்படம் எடுக்க வழியில்லாத ஒரு கூலிக்காரரின் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட்டால் பெரும்பாலும் சாட்சி கிடையாது.

இலவசமா, சந்தாவா, ஆள் வைத்தா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலவசத் தளங்களில் முடிகிற எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். ஃபேமிலிசர்ச், அரசு அட்டவணை, ஃப்ரீபிஎம்டி, ஃப்ரீரெக், அப்புறம் டோர்செட் போன்ற மாவட்டங்களுக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் பக்கங்கள். எந்தப் பக்கத்தின் படம் வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, பிறகு ஒரே ஒரு மாதம் சந்தா கட்டி அத்தனையையும் இறக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தளம் என்பதை உங்கள் மாவட்டம் முடிவு செய்யும். டோர்செட், வில்ட்ஷயர் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரியில், டெவன் ஃபைண்ட்மைபாஸ்டில், எஸக்ஸ் ஆவணகம் தனக்கென்று தனிச் சந்தா வைத்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து வருடச் சந்தா கட்டிய பிறகு, நமக்கு வேண்டிய மாவட்டம் அதில் இல்லை என்று தெரியவருவது பெரிய வருத்தம்.

ஆவணகத்தில் ஆள் வைத்துத் தேடச் சொல்வது மணிக்கணக்கில் கட்டணம். அதைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் ஒதுக்கிவிடாதீர்கள். இணையத்துக்கு வராத காகிதம் ஏராளமாக இருக்கிறது.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

உங்கள் ஆள் 1837க்குப் பிறகு பிறந்தவர், பெயரும் அவ்வளவு சாதாரணமில்லை என்றால், சென்சஸில் குடும்பத்தைப் பிடித்துவிட்டு உடனே பிறப்புப் பதிவின் 3 பவுண்டுப் படத்தை வாங்குங்கள். வேறெதையும் யோசிக்க வேண்டாம். அவர் 1837க்கு முன்பு பிறந்திருந்தால் தம்பி தங்கையின் பதிவை வாங்குங்கள். தாயின் குடும்பப்பெயர் வந்ததும் சர்ச் திருமணப் பதிவேட்டுக்குப் போங்கள். மாவட்டம் மட்டும் தெரியும், ஊர் தெரியாது என்றால் சர்ச் பதிவேட்டைத் தொடவே கூடாது. அவர் உயிரோடு இருந்து 1851 அல்லது அதற்குப் பிந்தைய ஏதாவதொரு சென்சஸில் பிறந்த ஊரைச் சொன்ன வரியைப் பிடிக்கும் வரை காத்திருங்கள். ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் விடுவிப்புப் பத்திரம் அந்த வேலையைச் செய்துவிடும். இந்தியாவில் இருந்த படைவீரர்கள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து சென்சஸில் வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 1861இல் டோர்செட்டில் உங்கள் ஆளைப் பார்த்தால் அது அவருடைய பெரியப்பா மகனாக இருக்கலாம்.

குடும்பம் இடம்பெயர்ந்த தடயம் 1834க்கு முன்பு தென்பட்டால், அந்த இரண்டு பங்குகளின் ஏழைகள் சட்டக் காகிதங்களை அன்றைக்கே தேடுங்கள். வரிசைப்படி நான்காவதாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆன்ட்டியின் பணத்தில் நான்கு படங்களும் ஒரு மாதச் சந்தாவும் போக இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தந்தை 1871 சென்சஸில் வொர்க்ஹவுஸில் இருக்கிறார், மனைவியை இழந்த முதியவராக, தொழில் பத்தியில் முன்னாள் விவசாயக் கூலி என்று. அந்த யூனியனின் கூட்டக் குறிப்புகள் டார்செஸ்டரில் டோர்செட் ஹிஸ்டரி சென்டரில் இருக்கின்றன, இணையத்தில் இல்லை. ஒரு மணி நேரத் தேடலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்காகச் செலவு செய்யச் சொல்லி மூத்த மகளுக்கு யூனியன் ஏதாவது கடிதம் அனுப்பியதா, அவள் அப்போது எங்கே இருந்தாள் என்று பார்க்கச் சொல்லி ஆன்ட்டி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.